காணி வாங்குதலும் காணி காத்தலும்

குடும்பத்தின் பொருள்நிலையை உயர்த்த விரும்புவோர் முதலில் நினைப்பது காணியையே. பெட்டியில் வைத்த பணம் வைத்தபடியே இருப்பினும் அதன் பெறுமதி வைத்தபடி இருப்பதில்லை. 2022ஆம் ஆண்டில் இலங்கை மக்கள் இவ்வுண்மையைத் துன்பத்தோடு கற்றனர். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திற் பணவீக்கம் நூற்றுக்கு 70 வரை சென்றது. "அன்றே ஒரு துண்டுக் காணி வாங்கியிருக்கலாமே" என்று ஏங்காத குடும்பம் அரிது. அவ்வேக்கத்தில் உண்மை உண்டு. ஆயினும் அது பாதி உண்மையே. மற்றப் பாதியை இவ்வாரம் வாசகர்களோடு ஆராய விரும்புகின்றோம்.

ஆராய்ச்சிக்கு எழுவைதீவை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தைச் சார்ந்த ஏழு தீவுகளுள்ளும் மிகச் சிறியது அது. ஊர்காவற்றுறையினின்றும் படகேறிச் சேரவேண்டிய ஊர். பரந்த நாட்டிலே பார்வைக்குத் தப்பும் செய்திகள் சிறிய தீவிலே தெளிவாய்த் தோன்றும் என்பதே இத்தெரிவுக்குக் காரணம்.

நிலம் வளர்வதில்லை, மக்கள் தொகையோ வளர்கின்றது. ஆதலால் நிலத்தின் விலை தானே ஏறும் என்பர் சிலர். எழுவைதீவிலும் நிலம் வளர்வதில்லை, சுற்றிலும் கடல். ஆயினும் கொழும்பிலே ஏறுவதுபோல அங்கே விலை ஏறுவதில்லை. சீமெந்தும் மணலும் கூரைமரமும் படகிற் செல்லவேண்டும். வாங்க வருவோர் சிலர். விற்க நினைத்தவுடன் விற்க இயலாது. எனவே இன்று வாங்கி நாளை விற்று ஊதியம் காணும் எண்ணத்துக்கு அந்நிலம் உதவாது. ஆனால் தலைமுறைக்குப் பின் தலைமுறையாகக் குடும்பங்களைத் தாங்கும் செல்வமாக அத்தகைய நிலமே தீவகமெங்கும் இருந்துவந்திருக்கின்றது. எவ்வாறு? பனை, கிணறு, உறுதி என்னும் மூன்றினால் என்போம்.

பனை

"தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான்" என்பது பழமொழி. பனங்கொட்டை முளைத்து வடலியாகிப் பயன்தரப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். பாளை விடும்வரை அது ஆணோ பெண்ணோ என்பதும் தெரியாது. பின்னரோ, நூறாண்டுக்கு மேலும் நிற்கும். கள்ளும் கருப்பணியும், பனாட்டும் ஒடியலும், வேலிக்கு ஓலையும் வீட்டுக்கு வளையும் தரும். பாட்டன் நட்டதைப் பேரன் அனுபவிக்கும் முதலீடு இதுவே. நீண்டகாலச் செல்வம் என்னும் சொல்லின் பொருளை மாணவர்கள் பனந்தோப்பிலே கற்கலாம்.

கிணறு

தீவுக் காணியின் பெறுமதி மண்ணிலே அன்று, மண்ணின் கீழுள்ள நன்னீரிலே தங்கியுள்ளது. மழைநீர் நிலத்துள் இறங்கி, கடல்நீரிலும் பாரங் குறைந்ததாதலால், அதன்மேல் மெல்லிய படலமாய் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் உண்டென்பது விஞ்ஞானிகளின் பொதுக் கணக்கு. இக்கணக்கைத் திருப்பியும் பார்த்தல் வேண்டும். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி குறையும், உவர்நீர் மேலெழும். துலா மிதித்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. அளவின்றி இறைத்து ஒருமுறை உவராக்கிய கிணற்றை மீண்டும் நன்னீராக்கப் பல மாரிகள் செல்லும். அடுத்த வளவான் இறைத்தாலும் எமது கிணறு கெடும். அடுத்த வளவைக் கெடுத்து எமது வளவைச் செழிப்பிக்கவும் இயலாது. ஆதலால் அயலவரோடு ஒத்து நடத்தலும் முதலீட்டின் ஒரு பகுதியேயாம்.

உறுதி

மூன்றாவதே முதன்மையானது. பனையும் கிணறும் இருந்தும், உறுதி சீராக இல்லையேல் அந்நிலம் செல்வமாகாது.

யாழ்ப்பாணத்துத் தமிழர் சொத்தைப் பகுத்தறிந்த முறை நுட்பமானது. பெற்றோர்வழி வந்தது முதுசம். மகளுக்குக் கொடுத்தது சீதனம். மணவாழ்விலே சம்பாதித்தது தேடியதேட்டம். ஒல்லாந்தர் ஆட்சியில், திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்சு என்பவர் இவ்வழக்கங்களைத் திரட்டி 1707இல் ஒப்படைத்தார். ஆங்கிலேயர் 1806இல் அத்தேசவழமைக்குச் சட்டவலு அளித்தனர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுத்தில் அமைதல் வேண்டுமென விதித்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டமோ, தேசவழமைக்குட்பட்ட காணியை அயலாருக்கு விற்குமுன் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் அறிவித்து, வாங்க வாய்ப்பளிக்க வேண்டுமெனக் கூறுகின்றது. வாங்க விரும்புவோர் இவ்வறிவித்தல் கொடுபட்டதா என முதலில் விசாரித்தல் வேண்டும். எழுதிய உறுதியைக் காணிப் பதிவகத்திற் காலந்தாழ்த்தாது பதிவு செய்தலும் வேண்டும்.

பெரும்பாலான குடும்பங்களை வருத்துவது வாங்குவதிலுள்ள சிக்கல் அன்று; பிரிக்காமல் விடுவதிலுள்ள சிக்கலே. ஒரு கணக்குப் போடுவோம். 8 பரப்பு வரகு நிலம் அரை ஏக்கர்; பரப்புக்கு 18 குழியாக 144 குழி. உடையவருக்கு மக்கள் 4 பேர். அவர் ஒவ்வொருவருக்கும் 4 பேர். அப்பேரர் ஒவ்வொருவருக்கும் 3 பேர். ஒருவரும் பிரிக்காமலும் எழுதாமலும் விட்டால், நான்காந் தலைமுறையில் பங்காளிகள் 48. பங்கு 3 குழி. மூன்று குழியிலே வீடும் எழாது, கிணறும் அமையாது. விற்கவோ 48 கையொப்பம் வேண்டும்!

இக்கையொப்பங்களைத் தேடுவதெங்கே? 1990ஆம் ஆண்டின் பின் தீவகத்து மக்கள் பலர் இடம்பெயர்ந்தனர். இன்று ஒரு பங்காளி ரொறன்ரோவில், ஒருவர் பாரிசில், ஒருவர் வவுனியாவில். பிற நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இங்கே காணியை விலைக்கு வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் பொதுவாகத் தடுக்கின்றது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கும், நெருங்கிய உறவினரிடமிருந்து மரபுரிமையாகவோ நன்கொடையாகவோ பெறுபவருக்கும் அதில் விலக்கு உண்டு. மேலும், பத்தாண்டு தடையின்றிப் பிறருரிமைக்கு எதிராக ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாமென்பது 1871ஆம் ஆண்டுச் சட்டம். பங்காளிகளுக்குள்ளே அவ்வுரிமை எளிதிற் கிட்டாதெனினும், அதனை வழக்காடித் தீர்க்கும்போது காணியின் பெறுமதியில் ஒரு பங்கு வழக்குச் செலவாகவே போய்விடும்.

இதற்குள் வேலி சாய்கின்றது, கிணறு தூர்கின்றது, வடலிகள் பற்றையாகின்றன. நாற்பத்தெட்டுப் பேருக்குச் சொந்தமான காணி ஒருவருக்கும் சொந்தமற்றதுபோலக் கிடக்கின்றது. எல்லோரும் "ஊரிலே எமக்குக் காணி உண்டு" என்கின்றனர். ஒருவரும் ஒரு பனங்கொட்டை ஊன்றுகின்றாரில்லை.

செய்யத்தக்கவை

பெற்றோர் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்போதே, நில அளவையாளரைக் கொண்டு அளந்து, பங்கீட்டு உறுதி எழுதுதல் முதலாவது. கிணற்றுக்கும் அதற்குச் செல்லும் வழிக்கும் உள்ள பொதுவுரிமையை அவ்வுறுதியிலே வெளிப்படக் குறித்தல் இரண்டாவது. துண்டாக்கினாற் பயனற்றுப்போகும் அளவு சிறிதாயின், ஊரிலிருந்து பார்க்கக்கூடிய ஒருவருக்கு மற்றவர்கள் பங்கை எழுதி, ஈடாகப் பணமோ வேறு சொத்தோ பெறுதல் மூன்றாவது. வெளிநாடு செல்வோர் நம்பத்தக்கவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்துச் செல்லுதல் நான்காவது. இணக்கம் கூடாதவிடத்து 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டத்தின்படி நீதிமன்றத்தை நாடலாம். அஃது இறுதி வழியாக இருக்கட்டும்.

மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையிலே வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய உறுதியை எடுத்துப் பெரியோருடன் இருந்து வாசியுங்கள். காணியின் பெயரென்ன, நான்கெல்லைகள் எவை, பாட்டியின் சீதனம் எது, தந்தையின் தேடியதேட்டம் எது என வினவி ஒரு தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். அறிந்த பெரியோர் இருக்கும்போது ஒரு மாலையில் முடியும் வேலை இது. அவர் சென்றபின் பத்தாண்டிலும் முடியாது போகலாம்.

காணி வாங்குவதற்குப் பணம் போதும். அதனைச் செல்வமாக நிலைநிறுத்துவதற்கோ உடன்பிறந்தாரின் ஒற்றுமையும் உரிய காலத்தில் எழுதிய எழுத்தும் வேண்டும். பணமில்லாதவருக்கும் இவை இரண்டும் எட்டாதவை அல்ல.