வயிற்றில் ஒன்று, உடம்பில் ஒன்று

"பையன் வேளாவேளைக்குத்தான் சாப்பிடுகிறான், உடம்பில் ஒட்டவில்லையே!" என்று தாய்மார்கள் குறைப்படுவதுண்டு. தின்பது வேறு, உடம்பில் ஒட்டுவது வேறு என்னும் இந்த வீட்டு ஞானம், நியூஸிலாந்து ஓடைகளில் வாழும் ஒரு பிராணியின் விஷயத்தில் விஞ்ஞானிகளுக்கு வெகுவாய் உதவியிருக்கிறது.

அப்பிராணியை மாவோரி மக்கள் கோவுரா என்பர். கடலில் வாழும் சிங்கிறாலுக்கு நன்னீர் உறவு என்று வைத்துக் கொள்ளலாம். மாவோரிகள் அதைத் தொன்றுதொட்டு உண்டு வருகிறார்கள். அது எதை உண்கிறது? வயிற்றைக் கீறிப் பார்த்தால் பெரும்பாலும் மக்கிய இலையே கிடைக்கிறது. பரம சாது என்று தீர்மானித்து விடலாமா? கூடாது. இந்த இனத்துக்கு வயிற்றுக்குள்ளேயே பற்கள் உண்டு! மெல்லிய புழு பூச்சிகள் அங்கே அரைபட்டு, விரைவில் ஜீரணமாகி, அடையாளமற்றுப் போகும். முரட்டு இலையோ நெடுநேரம் தங்கும்.

ஆகவே தசையையே விசாரிக்கிறார்கள். நைட்ரஜனில் எடை 14 உள்ள சாதாரண அணுக்களோடு, எடை 15 உள்ள கனத்த அணுக்கள் ஆயிரத்துக்கு நான்குக்கும் குறைவாகக் கலந்திருக்கின்றன. இவை ஐஸோடோப்புகள், ரேடியத்தைப் போல் சிதைவன அல்ல. பிராணிகள் லேசான நைட்ரஜனையே கழிவில் அதிகமாக வெளியேற்றுகின்றன. எனவே, தின்னப்பட்டதைவிடத் தின்றதன் உடலில் கனத்த அணுவின் விகிதம், ஒவ்வொரு படியிலும் ஆயிரத்துக்குச் சுமார் 3.4 வீதம் உயர்கிறது. கார்பனின் விகிதமோ அதிகம் மாறுவதில்லை. ஆகையால் உணவின் பூர்வீகத்தை அது காட்டிக் கொடுக்கும். 1978-இல் டெநீரோ, எப்ஸ்டீன் என்போர் இதைப் பரிசோதித்து வெளியிட்டனர். தசையில் சிறிது எடுத்து, உலர்த்திப் பொடித்து எரித்து, எழும் வாயுவைக் கருவியில் செலுத்தி அணுக்களை எடை வாரியாகப் பிரிப்பார்கள்.

பார்க்கின், காலியர், ஹிக்ஸ் என்னும் மூவர், காட்டோடைகளிலும் காடழித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடத்து ஓடைகளிலும் கோவுராவை இவ்வாறு ஆராய்ந்து 2001-இல் முடிவை வெளியிட்டனர். வயிறு நிறைய இலை இருந்தபோதிலும், சதை வளரப் பெரிதும் உதவியவை நீர்ப்பூச்சிகளே என்று தெரிந்தது. இலைச் சருகு இருந்தால் போதும், கோவுரா பிழைத்துக் கொள்ளும் என்று எண்ணி ஓடையின் பூச்சிகளை அழியவிட்டால், வயிறு நிறைந்தும் அது மெலிய வேண்டியதுதான்.

இம்முறையும் சர்வரோக நிவாரணி அல்ல. இரண்டு உணவுகளின் ஐஸோடோப் விகிதம் ஒன்றாயிருந்தால் கருவி திகைத்துவிடும். அப்போது பழையபடி வயிற்றைத்தான் கீறிப் பார்க்க வேண்டும். தசை சொல்வது பல வாரங்களின் கணக்கு. வயிறு சொல்வது நேற்றிரவின் கணக்கு.

அப்படியானால் இலை வீண்தானா? அதுவும் இல்லை. கோவுரா கிழித்துப் போடும் துணுக்குகள் சிறு பூச்சிகளுக்கு இரையாகின்றன. பிறகு அந்தப் பூச்சிகளைக் கோவுராவே பிடித்துத் தின்கிறது.