வான்வழியே அணுப்பொருள்: அரசு யாருக்குப் பொறுப்பு?

விமானம் ஒன்று எமது தலைக்கு மேலாகச் செல்கையில், அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கின்றது என்று நாம் விசாரிப்பதில்லை. அதனை விசாரித்து அறிவதற்கும், ஆபத்தானதாயின் தடுப்பதற்கும் அரசு ஒன்று இருக்கின்றது என்ற நம்பிக்கையிலேயே வாழ்கின்றோம். அந்த நம்பிக்கை காப்பாற்றப்படாத ஒரு வரலாறு, எமக்குப் புகலிடம் தந்த டென்மார்க்கிலேயே உண்டு. எம்மவரிற் பலர் அறியாத அவ்வரலாற்றை, எம்மவர் நன்கறிந்த இன்னொரு வரலாற்றோடு சேர்த்து இவ்வாரம் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

1968ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் திகதி, டென்மார்க்கின் ஆளுகைக்குட்பட்ட கிறீன்லாந்தின் வடமேற்கே, தூலே என்னும் அமெரிக்க விமானத் தளத்துக்கு அண்மையில், பி-52 வகைக் குண்டுவீச்சு விமானம் ஒன்று உறைந்த கடலின் மீது வீழ்ந்து நொறுங்கியது. அதில் நான்கு ஐதரசன் குண்டுகள் இருந்தன. சூடேற்றும் காற்றுத் துளையருகே வைக்கப்பட்டிருந்த இருக்கை மெத்தைகள் தீப்பற்றியதே விபத்தின் காரணம். விமானத்தில் இருந்த எழுவரில் அறுவர் உயிர் தப்பினர், ஒருவர் மாண்டார். அணுவெடிப்பு நிகழவில்லை. ஆயினும் குண்டுகளிலிருந்த சாதாரண வெடிமருந்து வெடித்து, புளூட்டோனியத்தைப் பனியின் மீது சிதறடித்தது.

இது எவரும் எதிர்பாராத விபத்து என்று சொல்லிவிட முடியாது. இதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1966 ஜனவரி 17ஆம் திகதி, ஸ்பெயினின் பலோமாரெஸ் என்னும் கிராமத்துக்கு மேலே, வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்த இதே வகை விமானமும் எரிபொருள் விமானமும் மோதிக்கொண்டன. நான்கு குண்டுகள் வீழ்ந்தன. அவற்றுள் இரண்டு நிலத்தில் வெடித்து, வயல்களிலே புளூட்டோனியத்தைத் தூவின. ஒன்று கடலுள் வீழ்ந்து, ஏறத்தாழ 80 நாட்களின் பின்னரே மீட்கப்பட்டது. அங்கே எஞ்சிய மாசுற்ற மண்ணை அகற்றுவது குறித்து ஸ்பெயினும் அமெரிக்காவும் 2015ஆம் ஆண்டிலும் பேசிக்கொண்டிருந்தன என்றால், அந்த ஒரு நாளின் விளைவு எத்துணை நீண்டது என்பதை வாசகர்கள் உணரலாம். இவ்வளவும் நிகழ்ந்த பின்னரும் அணுகுண்டு ஏற்றிய விமானங்கள் வானில் வலம்வந்துகொண்டே இருந்தன. தூலே விபத்தின் பின்னரே அவை நிறுத்தப்பட்டன.

தூலேயில் துப்புரவுப் பணி துருவத்துக் கடுங்குளிரிலும் இருளிலும் தொடங்கியது. அமெரிக்கப் படையினரோடு தளத்தில் வேலை செய்த டெனிஷ் தொழிலாளரும், நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளோடு அப்பகுதி மக்களும் அதில் ஈடுபட்டனர். மாசுற்ற பனியும் பனிக்கட்டியும் வாரித் தாங்கிகளில் நிரப்பப்பட்டு, கப்பல் மூலம் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. அவ்வாண்டு செப்ரெம்பர் வரை அப்பணி நீடித்தது.

இங்கே எழும் வினா ஒன்றுதான்: அந்த விமானம் அங்கே எவ்வாறு வந்தது? தனது மண்ணில் அணுவாயுதங்களை ஏற்பதில்லை என்பது 1957ஆம் ஆண்டு முதல் டென்மார்க் அரசு உலகறியக் கூறிவந்த கொள்கை. விபத்து நிகழ்ந்து இரண்டு நாட்களில், ஜனவரி 23ஆம் திகதி, நாடாளுமன்றத் தேர்தல். வாக்களிக்கச் சென்ற மக்களுக்கு அக்கொள்கையே மீண்டும் எடுத்துக் கூறப்பட்டது. ஆனால் 1957 நவம்பரிலேயே அன்றைய பிரதமர் எச். சி. ஹான்சன், அமெரிக்கத் தூதுவருக்கு ஓர் இரகசியக் கடிதம் கையளித்திருந்தார். கிறீன்லாந்தில் அணுவாயுதங்களை வைப்பது குறித்துத் தான் கூறுவதற்கு எதுவுமில்லை என்பதே அதன் சாரம். 'வேண்டாம்' என்று சொல்லாமை 'சரி' என்று கொள்ளப்பட்டது. 1958ஆம் ஆண்டிலும், பின்னர் 1959 முதல் 1965 வரையிலும் தூலேயில் அணுவாயுதங்கள் வைக்கப்பட்டிருந்தன. இக்கடிதம் நாடாளுமன்றத்துக்குத் தெரியவந்தது 1995ஆம் ஆண்டிலேயாகும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், ஒரு தாள் ஒரு நாட்டின் கொள்கையைப் பொய்யாக்கிக்கொண்டு பெட்டகத்துள் உறங்கியது.

பனியை வாரிய தொழிலாளரின் நிலை யாது? 1980களில் அவர்களிற் பலர் தமது நோய்களுக்கும் அந்த வேலைக்கும் தொடர்பிருப்பதாக முறையிட்டு, சங்கமாகத் திரண்டனர். அமெரிக்காவில் வழக்காடியும் இழப்பீடு பெற அவர்களால் முடியவில்லை. எனினும் அம்முயற்சியால் மறைக்கப்பட்டிருந்த ஆவணங்கள் பல வெளிவந்தன. பின்னர் 1990களின் நடுவில், ஏறத்தாழ 1,700 தொழிலாளருக்கு ஆளுக்கு 50,000 குறோணர்கள் வீதம் டென்மார்க் அரசு வழங்கியது. நோய்களுக்குப் புளூட்டோனியமே காரணம் என்று மருத்துவ ஆய்வுகள் நிறுவவில்லை என்பதையும் நேர்மையோடு கூறியாதல் வேண்டும். ஆனால், வேலை முடிந்த நாள் முதலே அத்தொழிலாளரை ஒழுங்காகப் பரிசோதித்துப் பதிவு வைத்திருந்தால், அந்த ஐயம் அவர்களது முதுமை வரை அவர்களைத் துரத்தியிராது.

இனி எம்மவர் அறிந்த வரலாற்றுக்கு வருவோம். தமிழ் அகதிகளின் மனைவி மக்கள் இங்கு வந்து சேர்வதற்கான குடும்ப இணைவு விண்ணப்பங்களை, சட்டம் தந்த உரிமைக்கு மாறாக, 1987ஆம் ஆண்டில் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் கிடப்பில் போடச் செய்தார். நாடாளுமன்றம் வினவியபோது உண்மை மறைக்கப்பட்டது. உயர் நீதிமன்ற நீதியரசர் ஹோர்ன்ஸ்லெற் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1993 ஜனவரியில் வெளியானதும், பிரதமர் போல் ஸ்லூட்டரின் அரசு பதவி துறந்தது. 1995 ஜூனில் அரச குற்ற விசாரணை மன்று முன்னாள் அமைச்சரைக் குற்றவாளியெனக் கண்டு, நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. ஹான்சனின் கடிதம் வெளிச்சத்துக்கு வந்ததும் அதே கோடைகாலத்திலேதான்.

அகதியின் விண்ணப்பமும் ஐதரசன் குண்டும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டிலும் நடந்த தவறு ஒரே வகையானது. ஆளுவோர் தாம் செய்ததையோ செய்ய இடமளித்ததையோ நாடாளுமன்றத்திடம் மறைத்தனர்; அதன் விலையை, அந்த மன்றில் குரலற்றவர்கள் கொடுத்தனர். முன்னதில் கடல் கடந்து காத்திருந்த எமது குடும்பங்கள். பின்னதில் தளத்துத் தொழிலாளரும் வேட்டையாடி வாழ்ந்த இனுயிற் மக்களும். அவ்வினுயிற் மக்களும் இடம்பெயர்க்கப்பட்டவர்களே. 1953ஆம் ஆண்டில் அத்தளத்தின் பொருட்டு அவர்கள் தம் வாழிடத்திலிருந்து நூறு கிலோமீற்றருக்கும் அப்பால், வடக்கே கானாக் என்னும் இடத்துக்கு அகற்றப்பட்டனர். 1999ஆம் ஆண்டிலேயே டென்மார்க் பிரதமர் அவர்களிடம் மன்னிப்புக் கோரினார்.

இவை படைத்துறை விவகாரங்கள், பொதுமக்கள் சார்ந்த போக்குவரத்துக்கு விதிகள் உள்ளனவே என்று சிலர் கேட்கலாம். உள்ளன. அவை எவ்வாறு வந்தன என்பதே கவனிக்கத்தக்கது. அனைத்துலக அணுசக்தி முகவரகத்தின் விதிகளின்படி, கதிரியக்கம் மிகுந்த பொருள்களைக் கொண்டுசெல்லும் பி வகைக் கொள்கலம் 9 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதையும், 800 பாகை செல்சியஸ் தீயில் 30 நிமிடம் கிடப்பதையும் தாங்க வேண்டும். வீதிக்கும் புகையிரதத்துக்கும் இது பொருந்தலாம். ஆனால் வானூர்தி 9 மீற்றரிலிருந்து விழுவதில்லை. எனவே 1996ஆம் ஆண்டின் விதிகளில், வான்வழிக்கென சி வகைக் கொள்கலம் புகுத்தப்பட்டது. அது வினாடிக்கு 90 மீற்றர் வேகத்தில் மோதுவதையும், ஒரு மணி நேரத் தீயையும் தாங்க வேண்டும்.

அமெரிக்கச் சட்டமன்றம் இதற்கு முன்னரே விழித்துக்கொண்டது. விமான விபத்தைத் தாங்கும் கொள்கலம் உண்டென நிறுவப்படும் வரை புளூட்டோனியத்தை வான்வழியே அனுப்ப அனுமதி வழங்கலாகாது என்று 1975இல் அது சட்டம் இயற்றியது. ஐரோப்பாவில் பிரித்தெடுத்த புளூட்டோனியத்தை விமானத்தில் கொண்டுசெல்ல யப்பான் திட்டமிட்டபோது, அந்த வழியில் இருந்த அலாஸ்கா மாநிலத்தில் எதிர்ப்பு எழுந்தது. அம்மாநிலச் செனற்றரின் முயற்சியால், அமெரிக்க வான்பரப்பினூடே செல்லும் அந்நிய நாட்டுப் புளூட்டோனியத்துக்கும் 1987இல் கடும் சோதனைகள் விதிக்கப்பட்டன. இறுதியில், ஒரு தொன்னுக்கு மேற்பட்ட அந்தப் புளூட்டோனியம் 1992 நவம்பரில் பிரான்சிலிருந்து 'அகாட்சுகி மாரு' என்ற கப்பலில் புறப்பட்டு, அடுத்த ஜனவரியில் யப்பானை அடைந்தது. கடல்வழி ஆபத்தற்றது என்று நாம் கூறவில்லை; அதற்கும் கரையோர நாடுகள் பல எதிர்ப்புத் தெரிவித்தன. கேள்வி கேட்கும் மக்களும் பதில் சொல்லக் கடமைப்பட்ட மன்றமும் இருந்தமையாலேயே ஒரு திட்டம் மாற்றப்பட்டது என்பதையே சுட்டுகின்றோம்.

வானில் எந்தக் கதிரியக்கப் பொருளும் செல்லலாகாது என்பது எமது வாதமன்று. புற்றுநோய் பரவியுள்ளதா என்று அறிய மருத்துவமனைகள் பயன்படுத்தும் சில பொருள்கள், நாட்கணக்கில் வீரியம் இழப்பவை. அவை விமானத்தில் வராவிடின் நோயாளருக்குப் பயனில்லை. எது செல்லலாம், எந்தக் கலத்தில், எவருடைய அனுமதியோடு என்பதைத் தீர்மானிப்பது அரசு. தனியார் நிறுவனம் ஏற்றினாலும், நேச நாட்டின் படை ஏற்றினாலும், கீழே வாழும் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது அந்நிலத்தை ஆளும் அரசே. வாய்மொழி இணக்கமும் மௌனச் சம்மதமும் அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழிகளாகும். அனுமதி எழுத்தில் இருத்தல் வேண்டும். நாடாளுமன்றம் அதனை அறிதல் வேண்டும். விபத்து நேரின் துப்புரவு செய்வோரின் பெயரும் உடல்நிலையும் முதல் நாளிலிருந்தே பதியப்படல் வேண்டும்.

அத்தளம் 2023ஆம் ஆண்டு முதல் பிட்டுஃபிக் விண்வெளித் தளம் என்ற பெயரைத் தாங்கியுள்ளது. பெயர் மாறினும் வினா மாறவில்லை. இங்கு வளர்ந்த எமது பிள்ளைகள் இந்நாட்டின் வாக்காளராகிவிட்டனர். தேர்தற் காலத்தில் வேட்பாளரைச் சந்திக்கும்போது, குடியேற்றச் சட்டம் குறித்து மட்டுமன்றி, வடக்கே அந்தப் பனிநிலத்தின் மேலே எது பறக்கின்றது, யார் அனுமதித்தார்கள் என்றும் அவர்கள் கேட்கட்டும். எமது குடும்பங்களுக்காக அன்று இந்நாட்டு மக்கள் சிலர் கேள்வி எழுப்பினர். அக்கடனை இவ்வாறும் தீர்க்கலாம்.