மறு வாய்ப்பு யாருக்கு?

அமெரிக்கக் கால்பந்தில் பருவம் முடிந்து ஜனவரி பிறந்துவிட்டால் பயிற்சியாளர்களின் தலைகள் உருளத் தொடங்கும். என்.எஃப்.எல். லீக்கின் 32 அணிகளில் ஐந்தாறு அணிகளாவது பெரும்பாலான ஆண்டுகளில் தலைமைப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதிய ஆளைத் தேடும். வேறோர் அணியில் தோற்று வெளியேறியவரின் பெயர் அப்போது அடிபட்டால் உடனே எதிர்ப்பு கிளம்புகிறது. ஓரிடத்தில் கோட்டைவிட்டவர் இங்கே வந்து என்ன கிழிக்கப்போகிறார் என்று கேட்கிறார்கள். இந்த எதிர்ப்பில் நியாயம் இல்லை. பதவி பறிபோன அனுபவசாலிகளை மீண்டும் அழைப்பது சரியான வழிதான். அந்த அழைப்பு யார் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது என்பதில்தான் நமக்கு மனத்தாங்கல்.

பில் பெலிசிக்கை எடுத்துக்கொள்வோம். 1991 முதல் 1995 வரை கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியில் இருந்தார். லீக் ஆட்டங்களில் 36 வெற்றி, 44 தோல்வி. ஒஹையோ மண்ணின் மைந்தனும் நகரத்தின் செல்லப்பிள்ளையுமான பெர்னி கொசார் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை வழிநடத்தும் வீரர். அவரை, ஆற்றல் குறைந்துவிட்டது என்று சொல்லி 1993 நவம்பரில், பருவத்தின் நடுவிலேயே அணியைவிட்டு நீக்கினார். ஊர் கொதித்தது. மறுஆண்டு 11 ஆட்டங்களில் வென்று அணியைப் பிளே ஆஃப் சுற்றுக்குக் கொண்டுபோனதும் அந்தக் கோபத்தை ஆற்றவில்லை. 1995இல் ஆட்டங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே, அணியைப் பால்டிமோருக்கு மாற்றப்போவதாக உரிமையாளர் ஆர்ட் மோடெல் அறிவித்தார். சொந்த ஊரிலேயே அநாதையாகிப்போன அணி சரிந்தது. சில மாதங்களில் பெலிசிக்கின் வேலையும் போயிற்று.

2000இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் உரிமையாளர் ராபர்ட் கிராஃப்ட், முதல் சுற்று வீரர் தேர்வு உரிமையையே நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு விட்டுக்கொடுத்து பெலிசிக்கை அழைத்துவந்தார். முதல் ஆண்டில் கிடைத்தது ஐந்து வெற்றி, 11 தோல்வி. கிராஃப்ட் பொறுத்துக்கொண்டார். 2001இல் நட்சத்திர குவார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்சோ காயமடைந்தபோது, முந்தைய ஆண்டின் வீரர் தேர்வில் 199ஆவதாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி களமிறங்கினார். பிளெட்சோ குணமாகித் திரும்பிய பிறகும் பெலிசிக் பிரேடியை மாற்றவில்லை. ஊருக்குப் பிடித்த வீரரை ஓரங்கட்டிய அதே கறார் மனிதர்தான். கிளீவ்லாந்தில் அவரை வில்லனாக்கிய அந்தக் குணம் இங்கே லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலின் கோப்பையாகக் கனிந்தது. மொத்தம் ஆறு கோப்பைகள் வந்தன. இடையில் அவர் கற்றுக்கொண்டது நிறையவே இருக்கும். ஆனால் பின்னால் நின்ற உரிமையாளர் மாறியதற்கும் இதில் பெரும் பங்கு உண்டு. தோற்ற பயிற்சியாளரை எடைபோடும்போது, தோல்வியில் அவர் பங்கு எவ்வளவு, அணி நிர்வாகத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஆன்டி ரீடை 14 பருவங்களுக்குப் பின் பிலடெல்பியா ஈகிள்ஸ் கைவிட்டது. சில நாள்களிலேயே கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் பிடித்துக்கொண்டது. இரண்டே வெற்றிகளோடு கிடந்த அணி அடுத்த ஆண்டே 11 வெற்றி கண்டது. பிறகு மூன்று சூப்பர் பௌல் பட்டங்கள். 2017 சூப்பர் பௌலில் 28-3 என்று முன்னிலை பெற்றும் கோட்டைவிட்ட அட்லாண்டா பால்கன்ஸ் அணியின் பயிற்சியாளர் டேன் குவின், அந்த அவமானத்தைத் தோளில் சுமந்தபடி டல்லஸ் அணியில் தற்காப்புப் பிரிவுப் பொறுப்பாளராக மூன்று ஆண்டுகள் உழைத்தார். 2024இல் வாஷிங்டன் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. நான்கு வெற்றிகளோடு முந்தைய பருவத்தை முடித்திருந்த அணி, 12 வெற்றிகளுடன் சூப்பர் பௌலுக்கு ஒரு படி முன்புவரை போனது. ஜேடன் டேனியல்ஸ் என்ற அபாரமான இளம் குவார்ட்டர்பேக் கிடைத்ததும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

எல்லா மறு வாய்ப்பும் பலிப்பதில்லை. மயாமி டால்பின்ஸ் நீக்கிய ஆடம் கேஸை இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் ஜெட்ஸ் எடுத்துக்கொண்டது. 32 ஆட்டங்களில் ஒன்பது வெற்றிதான் மிச்சம். டென்வரில் சறுக்கிய ஜாஷ் மெக்டேனியல்ஸ், ரெய்டர்ஸ் அணியில் இரண்டாம் பருவத்தைக்கூட முடிக்கவில்லை. அனுபவம் மட்டுமே தகுதியாகிவிடாது என்பதற்கு இவை சான்று. ஆனாலும் இவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்ததே, அதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்டீவ் வில்க்ஸுக்கு அது கிடைக்கவில்லை. கறுப்பினத்தவரான அவரை அரிசோனா கார்டினல்ஸ் 2018இல் நியமித்து, அனுபவமில்லாத குவார்ட்டர்பேக்கைக் கையில் கொடுத்து, ஒரே பருவத்தில் வெளியேற்றியது. 2022இல் கரோலினா பேந்தர்ஸ் ஐந்து ஆட்டங்களில் நான்கைத் தோற்றுத் தவித்தபோது இடைக்காலப் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் வந்த சில நாள்களிலேயே அணியின் மிகச் சிறந்த வீரரான கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை நிர்வாகம் வேறு அணிக்குக் கொடுத்துவிட்டது. அப்படியும் எஞ்சிய 12 ஆட்டங்களில் ஆறில் வென்று, பிளே ஆஃப் போட்டியில் கிட்டத்தட்ட கடைசிவரை அணியை நிற்கவைத்தார். நிரந்தரப் பதவியோ, அதே பருவத்தின் நடுவில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் நீக்கியிருந்த ஃபிராங்க் ரைக்குக்குப் போனது. ரைக் திறமையானவர்தான். ஆனால் கரோலினா அவரையும் நம்பவில்லை. 11 ஆட்டங்களில் ஒரு வெற்றி என்றதும் அனுப்பிவைத்தது. கண்ணெதிரே வேலை செய்து காட்டியவரை விட்டுவிட்டு அந்த அணி சாதித்தது என்ன?

வீரர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர் இருக்கும் லீக் இது. தலைமைப் பயிற்சியாளர் காலியிடத்துக்குச் சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்காணலுக்கு அழைக்க வேண்டும் என்ற ரூனி விதி 2003இலேயே வந்துவிட்டது, பின்னர் கடுமையாக்கவும்பட்டது. ஆனால் நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்லத்தான் விதியால் முடியும். தொடர்ந்து இரண்டு பருவங்கள் தோல்வியைவிட வெற்றி அதிகம் காட்டியும் மயாமியில் வேலையிழந்த பிரையன் ஃபுளோரஸ், தன்னைச் சில அணிகள் வெறும் கண்துடைப்புக்காக நேர்காணலுக்கு அழைத்தன என்று 2022 பிப்ரவரியில் வழக்கே தொடுத்தார். அணிகள் மறுத்தன. வில்க்ஸும் அந்த வழக்கில் சேர்ந்துகொண்டார். தீர்ப்பு எதுவானாலும், வழக்கு எழுப்பும் கேள்வியிலிருந்து உரிமையாளர்கள் தப்ப முடியாது.

நமது கோரிக்கை எளிது. நியமித்த பயிற்சியாளருக்கு மூன்று பருவங்களாவது கொடுங்கள். ஒரே ஆண்டில் துரத்துவதை நிறுத்துங்கள். மறுபடி ஒருவரை அழைக்கும்போது, பழைய அணியில் எந்த முடிவு அவருடையது, எது அவர் தலையில் கட்டப்பட்டது என்று விசாரியுங்கள். எதை மாற்றிக்கொண்டார் என்று அவரிடமே கேளுங்கள். அந்த விசாரணையை ரீடுக்கும் குவினுக்கும் செய்ததுபோல் வில்க்ஸுக்கும் ஃபுளோரஸுக்கும் செய்யுங்கள். அடுத்த ஜனவரியில் காலியாகும் இடங்களிலிருந்தே இதைத் தொடங்கலாம்.