லின்சம் தோட்டத்தின் வரலாறு யாருடையது?

"தோட்டத்திற்கு ஏது வரலாறு?" என வினவுவோர் நெகிரி செம்பிலானின் லின்சம் தோட்டத்தை எண்ணிப் பார்க்கட்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹில் என்னும் வெள்ளைத்துரை அங்கே காப்பி பயிரிட்டார். 1891இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் இருப்புப்பாதை அவ்வட்டாரத்தின் வழியே திறக்கப்பட்டது. பின்னர்க் காப்பி வீழ்ந்தது; ரப்பர் எழுந்தது. இவ்வளவையும் நூல்கள் கூறுகின்றன. அம்மண்ணில் உழைத்த தமிழரோ அந்நூல்களில் வெறும் தலை எண்ணிக்கையே.

ஆயினும் அவர்களின் பெயர்கள் முற்றும் அழிந்துவிடவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு எழுந்த தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளே தோட்ட மக்களின் வரலாற்று ஏடுகள். தந்தையின் பெயரும் பிள்ளையின் பெயரும் அவற்றில்தான் ஒருங்கே நிற்கின்றன.

இன்று தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாகின்றன. மக்கள் நகரங்களுக்குச் சிதறுகின்றனர். பதிவேட்டைக் கறையானுக்கு விட்டுவிட்டு, ஆண்டு மலரில் தலைவர்களின் படங்களை அச்சிடுவோர் எந்த வரலாற்றைக் காக்கின்றனர்? துரைமார் மறைத்தனர் எனக் குறைகூறும் சமூகம், தன் கையிலுள்ள ஏட்டையேனும் படியெடுக்க வேண்டாவா? ஒரு பள்ளிக்கு அது சில விடுமுறை நாள்களின் வேலையே.