பழகிப் போச்சுங்க!

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில் ராத்திரி பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ரோட்டோரப் பட்டறைகளில் நீல வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடிக்கும். லாரிக்கு பாடி கட்டுகிறார்கள். இந்தியா பூராவும் ஓடுகிற லாரிகளும் டேங்கர்களும் போர்வெல் வண்டிகளும் இந்த வெளிச்சத்தில் பிறந்தவைதான். நமக்கு அது ஜன்னலோர வாணவேடிக்கை.

அப்படி ஒரு பட்டறைக்குப் பக்கத்தில் டீ குடிக்க ஒதுங்கினேன். மேஸ்திரி வெல்டிங் வைக்கிறார். ஒரு பையன் வெறுங்கையால் ஆங்கிளைத் தாங்கிப் பிடித்திருக்கிறான். மேஸ்திரி கையில் கறுப்புக் கண்ணாடி வைத்த ஷீல்டு இருக்கிறது. பையனுக்கு எதுவும் இல்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொள்கிறான்.

"கண்ணு எரியாதா தம்பி?"

"மொதல்ல எரிஞ்சுதுங்க சார். இப்பப் பழகிப் போச்சுங்க."

இந்த ஒரு வார்த்தையைத்தான் நான் எதிர்க்கிறேன். மனசு பழகும், கண் பழகாது. வெல்டிங் வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக்கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுடுகிறது. வலி உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, நடுராத்திரியில், கண்ணுக்குள் மணலைக் கொட்டின மாதிரி எழுப்பும். உருளைக்கிழங்கை நறுக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு படுப்பான். ஓரிரு நாளில் சரியானதும் திரும்ப அதே ஆங்கிள். உள்ளே விழித்திரையில் காயம் பட்டால் எல்லாருக்கும் ஆறிவிடாது. ரோட்டோரம் விற்கிற கூலிங்கிளாஸ் இதற்கு உதவாது.

புகை? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2017-ல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. சிகரெட் புகையும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று அர்த்தமில்லை. ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லை என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விட பயங்கரம் டேங்கர். "காலி டேங்க்தானே" என்று சொல்லி, சின்ன ஒழுக்கை அடைக்க நெருப்பு வைப்பார்கள். எண்ணெய் காலியாகியிருக்கலாம், ஆவி காலியாகியிருக்காது. அந்த ஆவியும் காற்றும் கலந்தால் டேங்க் வெடிகுண்டு. உள்ளே இருப்பதை ஆவியோடு சேர்த்து வெளியேற்றாமல் வெல்டிங் வைக்கக் கூடாது என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டத்தில் எழுதிவைத்தார்கள்.

எழுதினார்கள், யாருக்கு? அந்தச் சட்டப்படி, மின்சாரம் ஓடுகிற இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் பொதுவாக அது தொழிற்சாலை. எட்டுப் பேர் உள்ள பட்டறை கணக்கிலேயே வராது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொகுப்பு அந்தப் பத்தை இருபது ஆக்கிவிட்டது. பட்டறை இருந்த இடத்திலேயே இருக்கிறது. சட்டம்தான் இன்னும் தள்ளிப் போய் நின்றுகொண்டது!

"சின்னப் பட்டறைங்க, இதுக்கெல்லாம் எங்க போறது?" என்பார்கள் முதலாளிகள். நியாயம் போலத் தோன்றும். லட்சக்கணக்கில் செலவு பிடிக்கிற பாடிக்கு ஜரிகை மாதிரி பெயின்ட்டும் கலர் பல்பும் வைக்கிறார்கள். திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைக்கிறார்கள். சில நூறு ரூபாய் ஷீல்டு ஒன்று கூடுதலாக வாங்கினால் பட்டறை முழுகிவிடுமா?

ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு ஒரு வருஷம். எல்லாப் பையனாலும் போக முடியாது, சரி. ஹோல்டரைத் தொடும் முன் மூன்று நாள் பாடமாவது சொல்லிக்கொடுங்கள். ஈரக்கையோடு ராடு மாற்றாதே, எர்த் ஒயரைச் சரியாகக் கவ்வ விடு, ஆக்சிஜன் சிலிண்டர் வால்வில் எண்ணெய்க் கை வைக்காதே, நைலான் சட்டை போடாதே, காற்றோட்டமில்லாத இடத்தில் தனியாக இறங்காதே. அரசு ஐ.டி.ஐ.க்கள் சாயங்காலத்தில் இதை நடத்தலாம். லாரி உரிமையாளர்கள், "பையன்களுக்கு ஷீல்டு இருந்தால்தான் இங்கே வண்டி விடுவேன்" என்று சொல்லலாம். அவர்கள் சொன்னால் எந்த இன்ஸ்பெக்டரும் தேவையில்லை.

மேஸ்திரியும் சின்ன வயசில் இப்படித்தான் கற்றாராம். கையில் இருந்த தழும்புகளைப் பெருமையாகக் காட்டினார். கிளம்பும்போது பில்லை நீட்டினேன். தூரத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பையனைக் கூப்பிட்டார்:

"டேய், இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு."