இரண்டு முத்திரைகள், ஒரு சங்கம்

பத்திரிகைக் காரியாலயத்தில் பணியாற்றிய காலத்தில், ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் என் மேசைக்கு வந்தன. இரண்டும் ஒரே ஊர்ச் சங்கத்தின் கடிதத் தலைப்பில் எழுதப்பட்டவை. இரண்டிலும் 'செயலாளர்' என்று ஒப்பமிட்டு, வட்ட முத்திரையும் குத்தியிருந்தார்கள். ஒப்பமிட்டவர்கள்தாம் வேறு வேறு ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம் என அறிவிக்குமாறு ஒருவர் கேட்டிருந்தார். அப்படியொரு கூட்டமே இல்லை என மறுப்பு வெளியிடுமாறு மற்றவர் கேட்டிருந்தார். சங்கத்தின் யாப்பை அனுப்பிவையுங்கள் என இருவருக்கும் எழுதினேன். இருவரிடமிருந்தும் பதில் வரவில்லை. யாப்பு என்று ஒன்று எழுதப்படவேயில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

இதனை வேடிக்கைக் கதையாகச் சொல்லவில்லை. அந்தச் சங்கத்திற்கு ஒரு வாசிகசாலை இருந்தது, காணி இருந்தது, வெளிநாடுகளில் வாழும் ஊரவர்கள் அனுப்பிய பணம் வங்கியில் இருந்தது. சண்டை மூண்டதும் வங்கி பணத்தை வழங்க மறுத்தது. வாசிகசாலைக் கதவில் இரு தரப்பும் பூட்டுப் போட்டன. நட்டம் யாருக்கு? பத்திரிகை வாசிக்க வந்த முதியவர்களுக்கும், மாலையில் படிக்க வந்த பிள்ளைகளுக்கும்.

நாம் சங்கம் அமைப்பதில் பின்நிற்பவர்கள் அல்லர். மரண உதவிச் சங்கம், சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம், ஆலய பரிபாலன சபை எனத் தொட்டதற்கெல்லாம் சங்கம் உண்டு. தலைவரையும் போசகரையும் தெரிவுசெய்ய ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால், "இந்தச் சங்கம் சட்டத்தின் முன் யார்?" என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. எழுப்புபவரை "எங்களில் நம்பிக்கையில்லையா?" என்று கேட்டு வாயடைத்துவிடுகிறோம்.

நான் சட்டத்தரணி அல்லன். எனினும், நீண்ட காலம் இத்தகைய பிணக்குகளைச் செய்தியாக எழுதியவன் என்ற வகையில் சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

முதலாவது, காணி. "அப்பா வாசிகசாலைக்கென்று கொடுத்த காணி" என்பது நம் ஊர்களில் அடிக்கடி கேட்கும் வாசகம். கொடுத்தவர் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார். ஆனால் இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிட்ட உறுதியின்றிக் காணி கைமாறாது. வாய்ச்சொல்லை ஊர் மதிக்கும். நீதிமன்றம் உறுதியைக் கேட்கும். கொடுத்தவரின் பேரன் வெளிநாட்டிலிருந்து வந்து காணியைக் கேட்டால், அவனைத் திட்டிப் பயனில்லை. தவறு, அன்றைக்கே உறுதி முடிக்காத சங்கத்தினுடையது.

உறுதி முடிக்கும்போதும் யார் பெயரில் முடிப்பது? சட்ட ஆளுமையற்ற சங்கம் தன் பெயரில் சொத்தை வைத்திருக்க முடியாது. தலைவரின் சொந்தப் பெயரில் எழுதினால், அவருக்குப்பின் அது அவர் பிள்ளைகளின் முதுசமாகிவிடும். இதற்கு வழி இல்லாமலில்லை. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தருமசாதனம் எழுதலாம். பொறுப்பாளர்கள் இறந்தால் அல்லது விலகினால் அடுத்தவர் எவ்வாறு நியமிக்கப்படுவார் என்பதை அதிலேயே குறிப்பிட வேண்டும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவுசெய்யலாம். அப்போது சங்கமே சட்டத்தின் முன் ஓர் ஆளாகிவிடும். பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட சங்கங்களும் உள. எது பொருந்தும் என்பதைச் சட்டத்தரணியிடம் ஒரு மணி நேரம் இருந்து கேட்டால் தெரிந்துவிடும். அதற்குச் செலவாகும் பணம், ஆண்டுவிழாவின் மாலைகளுக்கும் பொன்னாடைகளுக்கும் செலவாகும் பணத்திலும் குறைவாகவே இருக்கும்.

இரண்டாவது, அரசு. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டம் பதிவையும் மேற்பார்வையையும் விதிக்கிறது. 1998இல் வந்த திருத்தம், மோசடிக் குற்றச்சாட்டு விசாரணையில் சான்றுபட்டால், நிறுவனத்தை நடத்த இடைக்கால முகாமைத்துவ சபையை நியமிக்கும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்தது. இவ்வதிகாரம் குறித்து வடக்கிலும் கிழக்கிலும் உள்ள ஐயம் நியாயமானது. அதனை நானும் பகிர்கிறேன். ஆனால், ஐயத்தைக் காரணங்காட்டிக் கணக்கு எழுதாமல் விடுவது அறிவுடைமையாகாது. தலையிட விரும்பும் அரசுக்கு நாமே வாசல் திறந்துகொடுப்பது போலாகும்.

மூன்றாவது, புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள். அங்குள்ள சட்டங்கள் பெரும்பாலும் நமக்குச் சாதகமானவை. பிரான்சில் 1901 ஜூலை 1ஆம் திகதிச் சட்டத்தின்படி இருவர் சேர்ந்தாலே சங்கம் அமைக்கலாம். வெளிநாட்டவர் சங்கம் அமைக்க முன்னனுமதி பெறவேண்டும் என 1939இல் விதிக்கப்பட்ட கட்டுப்பாடு 1981 ஒக்டோபரில்தான் நீக்கப்பட்டது. எண்பதுகளில் அங்கு சென்ற நம்மவர்கள் அந்த உரிமை பிறந்த வேளையிலேயே போய்ச் சேர்ந்தார்கள். சுவிற்சர்லாந்தில் முறையான யாப்பை எழுத்தில் வைத்திருந்தாலே சங்கம் சட்ட ஆளுமை பெற்றுவிடும். ஆயினும் 2023 ஜனவரி முதல், அறப்பணிக்கென நிதி திரட்டி வெளிநாட்டிற்கு அனுப்புவதையே முதன்மைப் பணியாகக் கொண்ட சங்கங்கள் வர்த்தகப் பதிவேட்டில் பதிய வேண்டும். சிறிய சங்கங்களுக்கு விலக்குகள் உண்டு. ஊருக்குப் பணம் அனுப்பும் சங்கங்கள் தம் நிலை என்ன என்பதை உடனே பார்த்துக்கொள்வது நல்லது. இங்கிலாந்தில் பதிவுசெய்யாச் சங்கம் மண்டபம் எடுத்துக் கடன்பட்டால், அக்கடன் நிர்வாகிகளின் சொந்தத் தலையில் விழலாம்.

சுவிஸ் குடியியற் சட்டத்தில் ஒரு விதி என்னை மிகவும் கவர்ந்தது. சங்கத்திற்கும் ஓர் உறுப்பினருக்கும், அல்லது அவரது வாழ்க்கைத்துணைக்கும், பெற்றோர் பிள்ளைகள் போன்ற நேர்வழி உறவினருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் பற்றிய தீர்மானத்தில் அந்த உறுப்பினருக்கு வாக்கில்லை. மண்டப ஒப்பந்தம் மைத்துனருக்கு, அச்சுவேலை மகனுக்கு என்று நடக்கும் சங்கங்கள் நமக்குப் புதியனவல்ல. எந்த நாட்டுச் சங்கமாயினும் இவ்விதியைத் தன் யாப்பில் சேர்த்துக்கொள்ளலாம். மைத்துனரையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது.

யாப்பு நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஐந்து கேள்விகளுக்கு அதில் தெளிவான விடை இருந்தால் போதும். உறுப்பினர் யார், அவர் பெயர்ப் பட்டியல் யாரிடம்? எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லுபடியாகும்? பதவிக்காலம் எத்தனை ஆண்டு, எத்தனை முறை? காசோலையில் யார் யார் ஒப்பமிடுவர், கணக்கை யார் பரிசோதிப்பர்? சங்கம் கலைந்தால் சொத்து எங்கே போகும்? கடைசிக் கேள்வியைக் கேட்பது அபசகுனம் என்று பலர் தவிர்க்கிறார்கள். சண்டைக்கு விதை விழுவது பெரும்பாலும் அங்கேதான். அதே நோக்கமுடைய வேறோர் அமைப்புக்குச் செல்லும், உறுப்பினர் எவருக்கும் பங்கில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால், சங்கத்தை உடைப்பதால் எவருக்கும் இலாபமில்லை.

சட்டம் பேசுவது நம்பிக்கையின்மையின் அடையாளமன்று. நமக்குப்பின் வரப்போகிறவர்கள், நம்மை அறியாதவர்கள், அவர்களும் ஒருவரையொருவர் நம்புவதற்கு நாம் செய்துவைக்கும் ஏற்பாடு அது. முதல் தலைமுறையை நட்பு காக்கும். இரண்டாம் தலைமுறையை எழுத்துத்தான் காக்க வேண்டும்.

அந்த வாசிகசாலையின் பூட்டுகள் பல மாதங்களின் பின் திறக்கப்பட்டன. உள்ளே இருந்த பழைய நூல்களிற் பெரும்பகுதியைக் கறையான் தின்றிருந்தது. கறையானுக்கு எந்த முத்திரை உண்மையானது என்பது பற்றிக் கவலையில்லை.