பறை செய்தவரின் பெயர் எங்கே?

தாம்பரத்தில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்தின் பிள்ளைகளைச் சென்ற ஆண்டு கல்விச் சுற்றுலாவாக வெளியூருக்கு அழைத்துப் போனோம். அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் சமகாலக் கலைக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. எந்த ஊர், எந்த அருங்காட்சியகம் என்பது முக்கியமில்லை. நான் சொல்லப்போவது ஒரு கட்டடத்தின் குறை அல்ல.

சுவரில் பறையடிக்கும் ஒருவரின் பெரிய ஓவியம் இருந்தது. அதன் கீழே ஓவியரின் பெயர், வரைந்த ஆண்டு, கான்வாஸில் அக்ரிலிக் என்ற குறிப்பு. பக்கத்து அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் உண்மையான பறை. அதன் கீழே 'நாட்டுப்புறத் தோற்கருவி, மரம், தோல், 20ஆம் நூற்றாண்டு' என்று மட்டும் எழுதியிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, பறையை வரைஞ்சவரு பேரு இருக்கு. பறையைச் செஞ்சவரு பேரு ஏன் இல்ல?"

சுற்றிக் காட்டியவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். "அது மக்கள் கலைம்மா. ஒரு சமூகமே சேர்ந்து செய்றது. அதுக்குத் தனி ஆள் பேரெல்லாம் கிடையாது."

நான் அங்கே எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதில் பொய் என்பது எனக்குத் தெரியும். என் தாத்தா மதுராந்தகம் பக்கத்தில் பறை கட்டியவர். மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி, இரும்புத் தகட்டால் இணைத்து, புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை இழுத்து ஒட்டுவார். யார் கட்டிய பறை நெருப்பில் காய்ச்சினால் எப்படிப் பேசும் என்பது சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். பெயர் இல்லாமல் அந்தப் பறை பிறக்கவில்லை. ஊரிலிருந்து அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த வழியில்தான் அந்தப் பெயர் உதிர்ந்துபோனது.

மழை ஓய்ந்து டிசம்பர் வந்துவிட்டால் சென்னையில் கண்காட்சிப் பருவம் தொடங்கிவிடும். இந்த ஆண்டு தொலைவாகப் போக வேண்டாம், நம் பக்கத்திலேயே பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். தென்சென்னைப் புறநகருக்கு அந்த வசதி உண்டு. ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் உருவாக்கிய சோழமண்டல ஓவியர் கிராமம் இருக்கிறது. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் பழைய வீடுகள், கைவினைகள் ஆகியவற்றோடு சமகாலக் கலைக்கென்று தனிக் காட்சிக்கூடமும் இருக்கிறது. போக வேண்டும், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்வியையும் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

ஏனென்றால் 'கலை', 'கைவினை' என்ற பிரிவினை வெறும் ரசனை சார்ந்த விஷயம் அல்ல. மூளையால் செய்வது உயர்ந்தது, கையால் செய்வது தாழ்ந்தது என்று பிரித்து, கையால் செய்பவரைப் பிறப்போடு கட்டிப்போட்ட சாதியின் கணக்குதான் இங்கேயும் நடக்கிறது. ஓவியக் கல்லூரியில் படித்தவர் களிமண்ணைத் தொட்டால் அது சிற்பம். வேளார் தொட்டால் குதிரைப் பொம்மை. ஒருவருக்குத் தனிமனித மேதைமை, மற்றவருக்குச் சாதிப் பழக்கம்.

சோழமண்டலத்தின் வரலாற்றையே பாருங்கள். அந்தக் கலைஞர்கள் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அதில் சேர்ந்த பணத்தில்தான் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். அவர்களுடைய உழைப்பை நான் மதிக்கிறேன். இந்தியாவின் நவீன ஓவியக் கிராமம் ஒன்று கைவினையின் வருமானத்தில் எழுந்தது என்பது நமக்கு நல்ல பாடமும்கூட. ஆனால் அதே கைவினையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் எந்தச் சுவரிலும் பெயரோடு நிற்கவில்லையே, அது ஏன்?

'தெரியவில்லை, அதனால் எழுதவில்லை' என்பார்கள். 1863இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். கண்டெடுத்தவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது, செதுக்கியவர் பெயர் யாருக்கும் தெரியாது. அது லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கதை, ஒப்புக்கொள்ளலாம். 20ஆம் நூற்றாண்டுப் பறை அப்படியா? அதைக் கட்டியவரின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு நம்மோடு மின்சார ரயிலில் வருகிறார்கள்.

வட அமெரிக்காவின் சில அருங்காட்சியகங்கள் பூர்வகுடி மக்களின் படைப்புகளுக்குக் கீழே 'பெயர் தெரியாத கலைஞர்' என்று எழுதுவதை விட்டுவிட்டு, 'ஒருகாலத்தில் அறியப்பட்டிருந்த கலைஞர்' என்று எழுதத் தொடங்கியிருக்கின்றன. ஒரு சொல் மாற்றம்தான். ஆனால் அவருக்குப் பெயர் இருந்தது, அதைக் கேட்டு எழுதாமல் விட்டவர்கள் நாங்கள் என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. நம்மிடம் அந்த ஒப்புதல்கூட இல்லை.

பெயர் மட்டுமல்ல, வரலாறும் விடுபடுகிறது. சாவுக்கு அடிப்பதைக் கட்டாய ஊழியமாக்கியபோது பறையைத் தூக்கிப் போட்டவர்கள் நம் மக்கள். அதற்காக அடி வாங்கியவர்களும் உண்டு. அதே பறையை விடுதலையின் கருவியாகத் திரும்பக் கையில் எடுத்தவர்களும் நம் மக்களே. 'நாட்டுப்புறத் தோற்கருவி' என்ற இரண்டு சொற்களுக்குள் இந்தப் போராட்டம் முழுவதும் காணாமல் போகிறது.

தோல் என்றதும் எனக்கு நாகல்கேணி நினைவு வரும். என் அப்பா அங்கே ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குளித்த பிறகும் அவர் கையில் அந்த வாடை இருக்கும். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்ததுதான். தினமும் லட்சம் பேர் உச்சரிக்கும் ஊர்ப்பெயரில் தோல் இருக்கிறது, தோலில் உழைத்தவர்களுக்கு ஒரு காட்சி அறை இல்லை.

இதற்கு நேர்மாறாக, கலையே மக்களைத் தேடி வந்த கதையும் நம் பக்கத்தில் உண்டு. 2020இல் கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்டவர்களின் வீட்டுச் சுவர்கள் அவை. ஊருக்கு ஒட்டியிருந்த கெட்டபெயர் கொஞ்சம் மாறினால் நல்லதுதான். ஆனால் அங்கேயும் நம் மக்கள் பெரும்பாலும் வரையப்பட்டவர்கள், வரைந்தவர்கள் அல்லர்.

வரைபவர்கள், படமெடுப்பவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் சாவையும் ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்து வரும் பழனிக்குமார் இருக்கிறார். வாடிப்பட்டியிலிருந்து தன் குடும்பத்தையே பொருளாகக் கொண்டு படமெடுக்கும் ஜெய்சிங் நாகேஸ்வரன் இருக்கிறார். நீலம் பண்பாட்டு மையம் 2018இல் வானம் கலைத் திருவிழாவைத் தொடங்கியபோது யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்கவில்லை. நமக்கான மேடையை நாம் அமைப்பது தேவை. அதோடு பொது அருங்காட்சியகங்களின் சுவரும் நமக்கு உரியதுதான். ஏப்ரல் மாதம் மட்டும் ஒதுக்கித் தரும் மூலை அல்ல, ஆண்டு முழுதுக்குமான இடம். எதைக் காட்டுவது, எப்படிப் பெயரிடுவது என்று முடிவெடுக்கும் நாற்காலியும் அதில் அடக்கம்.

தாம்பரம் 2021இல் மாநகராட்சியானது. சாலை, குடிநீர், கழிவுநீர் கேட்கும் அதே உரிமையோடு, தோல் தொழிலாளர்களின் கருவிகளும் கதைகளும் பெயர்களும் இருக்கும் ஓர் அருங்காட்சியகத்தை நாம் கேட்கலாம். அதில் நம் பிள்ளைகளின் ஓவியங்களுக்கு ஒரு சுவர் வேண்டும் என்றும் கேட்கலாம்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. அன்றைக்கு வெளியே வரும்போது வாசலில் பார்வையாளர் பதிவேடு திறந்திருந்தது. 'மிக அருமை', 'நல்ல அனுபவம்' என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அந்தப் பெண் பேனாவை வாங்கி, "பறை செய்தவர் பெயரைக் கண்டுபிடித்து எழுதவும்" என்று எழுதினாள். கீழே தன் பெயரை முழுதாக எழுதி, பக்கத்தில் 'ஒன்பதாம் வகுப்பு, தாம்பரம்' என்றும் சேர்த்தாள்.

தோழர்களே, இந்தப் பருவத்தில் நீங்களும் ஏதாவது ஒரு கண்காட்சிக்குப் போவீர்கள். படங்களைப் பாருங்கள், கீழே உள்ள குறிப்புகளையும் படியுங்கள். பிறகு பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள்.